இரண்டு ஓவர்டிரைவ் பெடல்கள்: வாங்கும் முன் கம்ப்யூட்டரில் அடுக்கிப் பாருங்கள்

வீட்டில் ஒரு எலக்ட்ரிக் கிடாரும் ஒரு கம்ப்யூட்டரும் இருந்தால், பெடல் கடைக்குப் போவதற்கு முன் செய்து பார்க்க வேண்டிய சோதனை ஒன்று உள்ளது. ஓவர்டிரைவ் பெடல்கள் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் விலை உள்ளவை. ஒன்று போதாது, இரண்டை அடுத்தடுத்து இணைத்தால்தான் டோன் நன்றாக வரும் என்று நண்பர்கள் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் எந்த இரண்டு, எது முன்னால், எது பின்னால் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதைச் செலவில்லாமல் கம்ப்யூட்டரில் கேட்டுத் தெரிந்து கொள்ளலாம்.

முதலில் ஓவர்டிரைவ் என்றால் என்ன என்று பார்ப்போம். திருவிழா ஒலிபெருக்கியில் வால்யூமை அளவுக்கு மேல் திருகினால் குரல் கரகரப்பதைக் கேட்டிருப்பீர்கள். ஆம்ப்ளிபையர் தரக்கூடிய உச்சத்தை ஒலி அலை தாண்ட முயல்கிறது. முடியாததால் அதன் தலை வெட்டுப்படுகிறது. இதற்குக் கிளிப்பிங் என்று பெயர். பேச்சில் எரிச்சலூட்டும் இந்தக் கரகரப்பு, கிடாரில் அளவாக வந்தால் ஒலியைத் தடிமனாக்கி, நீண்ட நேரம் ஒலிக்க வைக்கிறது. ஓவர்டிரைவ் பெடலில் டயோடுகள் இந்த வெட்டைச் சற்று மழுங்கலாகச் செய்கின்றன.

1970களின் இறுதியில் வந்த ஐபனெஸ் டியூப் ஸ்கிரீமர் டி.எஸ். 808 இந்த வகையில் மிகவும் பெயர் பெற்றது. அதன் சர்க்யூட் சிக்னலை ஏறத்தாழ 12 மடங்கிலிருந்து 118 மடங்கு வரை பெருக்கக் கூடியது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக இந்தப் பெருக்கம் குறைந்து கொண்டே வரும். அதனால் தடித்த கம்பிகளின் கனமான ஒலி அதிகம் நொறுங்காமல், நடு ஒலிகள் மட்டும் முன்னால் வந்து நிற்கின்றன. 1981ல் வெளிவந்த பாஸ் எஸ்.டி.-1 ஏறக்குறைய இதே வழியில் வேலை செய்கிறது. ஆனால் அது அலையின் மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் வெவ்வேறு அளவில் வெட்டுகிறது.

இப்போது இரண்டை அடுக்குவோம். இரண்டு பெடல்களைச் சேர்த்தால் ஒலி இரண்டு மடங்காகும் என்றுதான் பலர் எதிர்பார்க்கிறார்கள். அப்படி ஆவதில்லை. முதல் பெடலின் லெவல் குமிழ், இரண்டாவது பெடலுக்கு இன்னொரு கெயின் குமிழ் போல ஆகிவிடுகிறது. இரண்டாவது பெடல் ஏற்கனவே நன்றாகக் கிளிப் ஆகிக் கொண்டிருந்தால், முன்னால் இருந்து எவ்வளவு தள்ளினாலும் சத்தம் பெரிதாகக் கூடாது. கரகரப்பும் நீட்சியும்தான் கூடும். அதே பெடலைப் பின்னால் மாற்றி வைத்து, அதன் கெயினைக் குறைத்து லெவலை ஏற்றினால், கரகரப்பு அதிகம் மாறாமல் சத்தம் உயரும். பாட்டின் நடுவே தனியாக வாசிக்கும் இடத்தில் கிடார் மேலே கேட்க வேண்டும் என்றால் உங்களுக்குத் தேவை இந்த இரண்டாவது முறை. தேநீரில் தூளைப் போட்ட பின் வடிகட்டுவதும், வடிகட்டிய பின் தூளைப் போடுவதும் ஒன்றல்லவே!

இரண்டிலும் கெயினைப் பாதிக்கும் குறைவாக வைத்துத் தொடங்குங்கள். ஒரே பெடலை முழுவதும் திருகுவதை விட, இரண்டு பெடல்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டும்போது ஒலி பெரும்பாலும் இதமாக இருக்கும். மெதுவாக மீட்டினால் தெளிவாகவும், அழுத்தி மீட்டினால் கரகரப்பாகவும் கேட்கும். விரலுக்குப் பதில் சொல்லும் இந்தக் குணத்துக்காகத்தான் நான் அடுக்கும் முறையை விரும்புகிறேன்.

இரண்டு டியூப் ஸ்கிரீமர்களை அடுக்குவது எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. இரண்டுமே நடு ஒலியைத் தூக்குவதால் மூக்கால் பேசுவது போல ஆகிவிடுகிறது. ஒன்று டியூப் ஸ்கிரீமர் வகை, மற்றொன்று 1990களில் வந்த மார்ஷல் புளூஸ்பிரேக்கர் பெடல் போல நடு ஒலியை அதிகம் தூக்காத வகை என்று வைத்தால் ஒன்றின் குறையை மற்றொன்று சரி செய்யும். 1994ல் வந்த கிளான் சென்டார், வெட்டுப்பட்ட ஒலியுடன் வெட்டுப்படாத ஒலியையும் கலந்து தரும். முன்னால் வைத்துத் தள்ளுவதற்கு ஏற்றது. பழைய சென்டார் இன்று பல லட்ச ரூபாய்க்கு விற்கிறது. அதற்கெல்லாம் ஆசைப்பட வேண்டியதில்லை. அதே முறையில் இயங்கும் மலிவான பெடல்கள் பல வந்துவிட்டன.

சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம். கிடார் வயரை நேரடியாக மைக் துளையில் செருகாதீர்கள். அது கிடாரின் பிக்கப்புக்காக அமைக்கப்பட்டதல்ல. ஒலி மங்கி, இரைச்சல் கூடும். யு.எஸ்.பி. மூலம் இணைக்கும் ஆடியோ இன்டர்பேஸ் என்ற சிறு பெட்டி தேவை. இந்தச் சோதனையில் தவிர்க்க முடியாத செலவு இது ஒன்றுதான். பின்னால் பாட்டுப் பதியவும் பயன்படும். அதில் 'இன்ஸ்ட்' என்று குறித்த சுவிட்சைப் போட்டு, பலமாக மீட்டும்போது மீட்டர் உச்சம் -12 டெசிபல் அருகே நிற்கும்படி வைத்துக் கொள்ளுங்கள். சிவப்பு விளக்கு எரியவே கூடாது. பெடலில் ஏற்படும் கிளிப்பிங் இனிமை; இன்டர்பேஸில் ஏற்படும் கிளிப்பிங் வெறும் உடைந்த சத்தம். அதை எந்த சாப்ட்வேராலும் முழுமையாகச் சரி செய்ய முடியாது.

விண்டோஸில் ரீப்பர் என்ற புரோகிராமை 60 நாட்கள் இலவசமாகச் சோதித்துப் பார்க்கலாம். அதில் டி.எஸ்.இ. 808 என்ற இலவச டியூப் ஸ்கிரீமர் பிளக்-இன்னை இரண்டு முறை சேர்த்துத் தொடங்குங்கள்; வரிசையின் குணத்தைப் புரிந்து கொள்ள இது போதும். அவற்றுக்கு அடுத்து நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச ஆம்ப் பிளக்-இன்னை வையுங்கள். அதற்கான ஆம்ப் பைலையும், ஸ்பீக்கர் கேபினெட் பைலையும் தனியே டவுன்லோட் செய்து அதில் திறக்க வேண்டும். கேபினெட் இல்லாமல் கேட்டால் கொசு ரீங்காரம் போல இருக்கும். பெடலைக் குறை சொல்லிப் பயனில்லை. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு கிடாரிக்ஸ் இருக்கிறது. மேக்கில் உள்ள காரேஜ்பேண்டில் பெடல்கள் கூடவே வருகின்றன.

கம்பியை மீட்டியதும் ஒலி தாமதமாக வருகிறதா? பஃபர் அளவைக் கவனியுங்கள். 48,000 ஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் என்றால் உள்ளே வருவதற்கே 21 மில்லி செகண்ட் ஆகிறது. வெளியே போவதற்கும் ஏறத்தாழ அவ்வளவு. 128 என்று மாற்றினால் 2.7 ஆகக் குறையும். இன்டர்பேஸ் தயாரித்த நிறுவனத்தின் ஆசியோ டிரைவரைத் தேர்ந்தெடுத்தால்தான் இது சரியாக வேலை செய்யும். பஃபரை மிகவும் குறைத்தால் படபடவென்று சத்தம் வரும். அப்போது 256க்குப் போங்கள்.

இனிதான் கடையில் செய்ய முடியாத காரியம். ரீப்பர் சாதாரணமாகக் கிடாரின் வெறும் ஒலியைத்தான் பதிகிறது. பிளக்-இன்கள் கேட்கும்போதுதான் சேர்கின்றன. ஆகவே நான்கு வரி வாசித்துப் பதிந்து, அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்துத் திரும்பத் திரும்ப ஓட விடுங்கள். கிடாரைக் கீழே வைத்துவிட்டு மவுஸால் மேல் பெடலைக் கீழே இழுத்துப் போடுங்கள். வாசிப்பு அதேதான், வரிசை மட்டும்தான் மாறுகிறது. சத்தம் கூடினால் காதுக்கு நன்றாக இருப்பது போலத் தோன்றும். எனவே சத்த வித்தியாசத்தைக் கேட்டுக் கொண்ட பின், டோனை ஒப்பிடும்போது கடைசியில் வால்யூமைச் சமமாக்கிக் கொண்டு கேளுங்கள்.

ஆம்பையும் மறந்துவிடாதீர்கள். அது ஏற்கனவே கரகரப்பாக இருந்தால் மூன்றாவது ஓவர்டிரைவ் ஆகிவிடும்; பின்னால் வைத்த பெடலும் சத்தத்தை உயர்த்தாது. வரிசையின் வித்தியாசம் தெரிய, கரகரப்பில்லாத ஆம்ப் பைலோடு தொடங்குங்கள்.

கெயின் அடுக்க அடுக்க உறுமலும் அடுக்காக வரும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பல வீடுகளில் பாதி உறுமல் அதோடு நின்றுவிடும். மீதிக்கு, வரிசையின் தலையில் ஒரு நாய்ஸ் கேட் வைத்தால் போதும்.

பிளக்-இன்னில் கேட்டது அப்படியே பெடலில் கிடைக்குமா? கிட்டத்தட்ட கிடைக்கும். 9 வோல்ட்டில் ஓடும் நிஜப் பெடலுக்கு ஓர் எல்லை உண்டு. முன்னால் இருந்து அதிகம் தள்ளினால் டயோடைத் தவிர உள்ளே வேறு இடங்களிலும் சிக்னல் நொறுங்கும். எல்லா பிளக்-இன்களும் இதைக் காட்டுவதில்லை. அதனால் கம்ப்யூட்டரில் பிடித்த அளவை விட முதல் பெடலின் லெவலைக் கொஞ்சம் குறைத்து வைத்துக் கடையில் கேளுங்கள். உங்கள் கிடாரையே கொண்டு போவது நல்லது.