குதிகால் வலியும் கிருமிக்கொல்லி மாத்திரையும்

பொழுது விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, மேடும் சரிவுமான நிரைகளில் மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டுகின்றவர்களுக்குக் கையிலுள்ள கத்தியைப் போலவே காலும் ஒரு தொழிற்கருவியாகும். அந்தக் காலுக்கும், சிறுநீர் எரிச்சலுக்காக விழுங்கும் ஒரு மாத்திரைக்கும் தொடர்பு உண்டென்று கூறினால் பலருக்கு வியப்பாக இருக்கும். ஆயினும் அத்தொடர்பு மெய்யானது. குவினோலோன் என்னும் வகையைச் சேர்ந்த கிருமிக்கொல்லி மருந்துகளைப் பற்றி ஈண்டுக் கூற விழைகின்றோம்.

பெயர் புதிதாகத் தோன்றினும் அதன் வேர் தோட்டங்களுக்குப் பழக்கமானதே. மலேரியாக் காய்ச்சலுக்கு நம் பாட்டன்மார் கசக்கக் கசக்க விழுங்கிய கொயினாவின் பெயரிலிருந்து பிறந்ததே இப்பெயர். கொயினாவுக்குப் பின் வந்த குளோரோகுவின் மருந்தைத் தயாரிக்கையில் கிடைத்த ஒரு துணைப்பொருளை ஆராய்ந்ததன் பயனாக, 1962-ஆம் ஆண்டில் நாலிடிக்சிக் அமிலம் என்னும் முதல் குவினோலோன் மருந்து அறியப்பட்டது. அது சிறுநீர்ப் பாதையிலுள்ள கிருமிகளுக்கு மட்டுமே பயன்பட்டது. பின்னர் ஃப்ளோரின் அணு ஒன்றைச் சேர்த்து அதன் வலிமையைப் பெருக்கினர். இன்று மருத்துவர்கள் தரும் சிப்ரோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், மோக்சிஃப்ளாக்சசின் ஆகியவை இவ்வாறு வந்தவையே. மாத்திரை உறையில் மருந்தின் பெயர் ‘ஃப்ளாக்சசின்’ என்று முடிந்தால் அது இக்குடும்பத்தைச் சேர்ந்தது என்று அறிந்துகொள்ளலாம். பெயரில் உறவு இருப்பினும், கொயினாவைப் போல மலேரியாவுக்கு இது மருந்தன்று.

இம்மருந்து கிருமியைக் கொல்லும் விதம் நுட்பமானது. பாக்டீரியாக் கிருமி ஒவ்வொன்றினுள்ளும் அதன் உடலைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு நீளமுள்ள மரபு இழை முறுக்கிச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. கிருமி பெருகுவதற்கு அம்முறுக்கைத் தளர்த்தியாக வேண்டும். அதற்கென உள்ள நொதி, இழையை வெட்டி, முறுக்கை நீக்கி, மீண்டும் ஒட்டவைக்கிறது. குவினோலோன் மருந்து வெட்டிய இடத்தில் சிக்கிக்கொண்டு ஒட்டவிடாமல் தடுத்துவிடுகிறது. அறுந்த இழையோடு கிருமி மடிகிறது. சளி, ஃப்ளூ, டெங்கி ஆகிய நோய்களைத் தரும் வைரசுகளிடம் இந்த நொதி இல்லை. ஆகவே அந்நோய்களில் இம்மாத்திரையால் ஒரு பயனும் விளையாது.

சிறுநீரகத்தைத் தாக்கிய கடுமையான கிருமித் தொற்று, எலும்பில் சீழ் பிடித்தல், சிலவகை நிமோனியா, பிற மருந்துகளுக்கு அடங்காத காசநோய் முதலியவற்றில் இவை உயிர் காக்கும் மருந்துகள். அக்காரணம் பற்றியே சிறிய நோய்களுக்கு இவற்றைச் செலவிடலாகாது என்கிறோம். அளவின்றிப் பயன்படுத்திய நாடுகளில் டைபாய்டுக் கிருமிகள் பல இம்மருந்தை வென்றுவிட்டன. மற்றோர் இடையூறும் உண்டு. நெடுநாள் இருமலுக்குப் பரிசோதனையின்றி இதனைக் கொடுத்தால், காசநோய் சிறிது அடங்கியதுபோல் காட்டிப் பின்னர் தலைதூக்கும். அதற்குள் வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் பரவியிருக்கலாம்.

இனி, காலைப் பற்றிப் பேசுவோம். கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு பிணைக்கும் தடித்த நார் ஒன்று உண்டு. குவினோலோன் மருந்து சிலருக்கு இந்நாரை வீங்கச் செய்கிறது. சில வேளைகளில் நார் அறுந்தும் போகிறது. இது அரிதாகவே நிகழ்கிறது. எனினும் 60 வயதைக் கடந்தவர்களுக்கும், ஆஸ்துமா, மூட்டுவலி போன்றவற்றுக்காக ஸ்டீராய்டு மாத்திரை உண்பவர்களுக்கும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் ஆபத்து மிகுதி. மாத்திரை தொடங்கிய இரண்டு நாட்களுக்குள்ளும் வரலாம். நிறுத்திப் பல மாதங்கள் சென்ற பின்னும் வரலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிருவாகம் 2008-இல் இதற்காகக் கடும் எச்சரிக்கை விடுத்தது. 2016-இல், வேறு மருந்து இருக்கும்போது எளிய சிறுநீர்த் தொற்றுக்கும் சைனஸ் தொல்லைக்கும் இவற்றைத் தரவேண்டாம் என்றும் அறிவுறுத்தியது. கை கால்களில் எரிச்சல், மரத்துப்போதல், மனக் குழப்பம் ஆகியவையும் சிலருக்கு ஏற்படுகின்றன. 2018-இல் இதயத்திலிருந்து செல்லும் பெருங்குழாய் வீங்கியுள்ளவர்களுக்கு அது கிழியும் அபாயம் கூடுவதாகவும் எச்சரிக்கப்பட்டது.

நீரிழிவு நோயாளிகள் தனிக் கவனம் செலுத்த வேண்டும். கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோடு இது சேர்ந்தால் இரத்தத்திலுள்ள சர்க்கரை மிகவும் தாழ்ந்து, வேலைக்காட்டிலேயே மயங்கி விழ நேரிடலாம். வலிப்பு நோய் உள்ளவர்களும், கருவுற்றவர்களும், பாலூட்டும் தாய்மார்களும் அதனை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்குக, பாலோடு வேண்டா. பாலிலுள்ள சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாது. இரும்புச்சத்து மாத்திரையும், வயிற்றெரிச்சலுக்கு மெல்லும் வெள்ளை மாத்திரையும் அவ்வாறே. சிப்ரோஃப்ளாக்சசினை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்னரோ 6 மணி நேரம் பின்னரோ உட்கொள்ள வேண்டும். வெயில் பட்டால் தோல் சிவந்து எரியக்கூடும் என்பதால் நீண்ட கைச் சட்டையும் தொப்பியும் அணிதல் நலம்.

நம் நாட்டில் 1952-ஆம் ஆண்டின் நச்சுப் பொருள் சட்டத்தின்கீழ் இம்மருந்துகளை மருத்துவரின் சீட்டின்றி விற்கலாகாது. ஆயினும் பக்கத்து வீட்டில் மீந்த மாத்திரையைக் கேட்டு வாங்கி விழுங்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. கொடுப்பவர் நல்லெண்ணத்தோடுதான் கொடுக்கிறார். வாங்குபவருடைய வயதையும், அவர் உண்ணும் பிற மருந்துகளையும் அவர் அறியமாட்டார்.

இம்மாத்திரை உண்ணும் நாட்களில் குதிகாலுக்கு மேல் வலியோ வீக்கமோ கண்டால், தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாள் பெரட்டுக்குப் போகாதீர்கள். அடுத்த வேளை மாத்திரையை விழுங்காமல், காலுக்கு ஓய்வு கொடுத்து, அன்றே மருந்தகத்துக்குச் செல்லுங்கள். வேறு கிருமிக்கொல்லியை மருத்துவர் மாற்றித் தருவார். மாத்திரைப் பையைக் கையோடு கொண்டு செல்லுங்கள். எந்த நிரையில், எத்தகைய சரிவில் வேலை செய்கிறீர்கள் என்பதையும் சொல்லி, அதற்கேற்ற நாட்களுக்கு எம்.சி. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.