படபடக்கும் இதயம், பக்கவிளைவு தரும் மாத்திரை: நிறுத்துவதா, தொடர்வதா? கேரள எல்லைத் தமிழர்கள் அறிய வேண்டியவை

இதயப் படபடப்புக்கு வழங்கப்படும் மாத்திரைகளைத் திடீரென நிறுத்துவது ஏன் ஆபத்தானது, பக்கவிளைவுகளை எவ்வாறு கையாள்வது, அவற்றை யாரிடம் தெரிவிப்பது என்பது குறித்து விளக்குகிறது இந்தச் செய்தித் தொகுப்பு.

பாலக்காடு / இடுக்கி: இதயப் படபடப்புக்கு மருந்து உட்கொள்ளத் தொடங்கியவர்களில் சிலர், களைப்பு, தலைச்சுற்றல், வயிற்றுப் புரட்டல் போன்ற தொந்தரவுகள் தோன்றியவுடன் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுகின்றனர். பல நேரங்களில் படபடப்பைவிட இந்த முடிவே பெரிய ஆபத்தை வரவழைக்கிறது.

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி வாழும் தமிழர்களுக்கு இதில் மேலும் ஒரு சிக்கல் உண்டு. மூணாறு, தேவிகுளம், குமுளி பகுதி மக்கள் சிகிச்சைக்காகக் கோட்டயத்துக்கும் செல்கின்றனர், மலையிறங்கித் தேனிக்கும் வருகின்றனர். வாளையாறு, வேலந்தாவளம், அட்டப்பாடி பகுதியினருக்குப் பாலக்காட்டைப் போலவே கோவையும் அருகில் உள்ளது. மறுபுறம், கம்பம், போடி பகுதிகளிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்காக நாள்தோறும் ஜீப்புகளில் இடுக்கி மலைக்குச் சென்று திரும்புவோர் ஏராளம். மருந்துச்சீட்டு ஆங்கிலத்திலும், அதற்கான விளக்கம் மலையாளத்திலும், நோயாளியின் கேள்வி தமிழிலும் இருக்கும் சூழலில், எந்த மாத்திரை எதற்காக என்ற தெளிவு எளிதில் தவறிவிடுகிறது.

படபடப்பு என்பது என்ன?

ஓய்வில் இருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடிப்பது இயல்பு. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடித்தாலும், அதனை நாம் உணர்வதில்லை. துடிப்பு வேகமாகவோ, வலுவாகவோ, ஒழுங்கற்றோ மாறி, அது நமக்கே தெரியத் தொடங்குவதைத்தான் படபடப்பு என்கிறோம்.

எல்லாப் படபடப்பும் நோய் அல்ல. உரிய நேரத்துக்கு முன்னதாக ஒரு துடிப்பு வந்துவிட்டால், அதன் பின்னர் ஒரு சிறு இடைவெளி விழுகிறது. அடுத்த துடிப்பு வழக்கத்தைவிட வலுவாக அமைகிறது. 'நெஞ்சு ஒரு நொடி நின்று, பிறகு திக்கென்று அடித்தது' என்று பலர் கூறுவது இதைத்தான். ஆரோக்கியமான இதயத்திலும் இது நிகழலாம். ரத்த சோகை, தைராய்டு மிகைச்சுரப்பு, காய்ச்சல், நீரிழப்பு, உறக்கமின்மை, மனப்பதற்றம் ஆகியவையும் காரணமாகலாம். ஆஸ்துமாவுக்கான சில மருந்துகளும், மூக்கடைப்புக்கான சில சளி மாத்திரைகளும்கூட இதயத் துடிப்பை விரைவுபடுத்தக்கூடியவை. எனவே, படபடப்புக்கான காரணத்தைக் கண்டறிவதே சிகிச்சையின் முதல் படியாகும்.

இசிஜி எடுக்கும் சில நொடிகளில் கோளாறு தென்படாமல் போகலாம் என்பதால், 24 மணி நேரமோ அதற்கு மேலோ துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவி தேவைப்படலாம்.

கவனிக்க வேண்டிய வகை

படபடப்புகளில் அலட்சியம் செய்யக் கூடாதது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் துடிதுடிப்பதால், அங்கு ரத்தம் தேங்கி உறையக்கூடும். அந்த உறைகட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் ஏற்படும். இந்நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ 5 மடங்கு அதிகம்.

கேரளத்தில் இந்நோயின் தன்மையை அறிவதற்காக, 2016-17ஆம் ஆண்டுகளில் 53 மருத்துவமனைகளிலிருந்து 3,421 நோயாளிகளின் விவரங்கள் 'கேரள ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் பதிவேடு' என்ற பெயரில் தொகுக்கப்பட்டன. உயர் ரத்த அழுத்தமும் நீரிழிவும் இந்நோயாளிகளிடம் பரவலாகக் காணப்பட்டன. ஒரே நபர் ஒரே நேரத்தில் பல நோய்களுக்குப் பல மாத்திரைகளை உட்கொள்ளும் நிலை இதனால் உருவாகிறது. பக்கவிளைவுகளும், மருந்துகளுக்கு இடையிலான மோதலும் அங்குதான் தொடங்குகின்றன.

எந்த மருந்து, என்ன தொந்தரவு?

பீட்டா பிளாக்கர்: மெட்டோபிரோலால், பிசோபிரோலால், அட்டெனோலால், புரோபிரனோலால் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் இவை, களைப்பு, தலைச்சுற்றல், கை கால் குளிர்ச்சி, உறக்கக் குறைபாடு போன்றவற்றை ஏற்படுத்தலாம். மூணாறு போன்ற குளிர்ப்பகுதிகளில் விடியற்காலையில் வேலைக்குச் செல்வோருக்கு விரல்கள் சில்லிடுவது கூடுதலாகத் தெரியலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் அதனை மருத்துவரிடம் முன்கூட்டியே கூறுவது கட்டாயம். நீரிழிவு நோயாளிகளுக்கு ரத்தச் சர்க்கரை அளவு தாழும்போது தோன்றும் படபடப்பையும் நடுக்கத்தையும் இம்மருந்து மறைத்துவிடக்கூடும். வியர்த்துக் கொட்டுவது மட்டுமே எச்சரிக்கையாக எஞ்சலாம்.

கால்சியம் பாதையைத் தடுக்கும் மருந்துகள்: வெரபமில் மலச்சிக்கலை உண்டாக்கலாம். டில்டியாசெம் உட்கொள்வோருக்குக் கால் வீக்கமும் தலைவலியும் தோன்றலாம்.

டிகாக்சின்: பசியின்மை, குமட்டல், பொருள்கள் மஞ்சளாகத் தெரிவது ஆகியவை உடலில் இம்மருந்தின் அளவு மிகுந்துவிட்டதற்கான அறிகுறிகளாக இருக்கலாம். சிறுநீரகச் செயல்பாடு குறைந்த முதியவர்கள் விழிப்புடன் இருக்க வேண்டும்.

அமியோடரோன்: இதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அயோடின் உள்ளதால் தைராய்டு சுரப்பு குறையவோ மிகவோ கூடும். தைராய்டு, கல்லீரல் பரிசோதனைகளை ஏறத்தாழ 6 மாதங்களுக்கு ஒருமுறை செய்துகொள்ள அறிவுறுத்தப்படுகிறது. வறட்டு இருமலும் மூச்சுத்திணறலும் தொடர்ந்தால் நுரையீரல் பாதிப்பா என்று ஆராய வேண்டும். தோல் வெயிலைத் தாங்காமல் சிவந்து எரியலாம். திறந்தவெளியில் கொழுந்து பறிப்போர் முழுக்கைச் சட்டையும் தலைமறைப்பும் அணிவது நல்லது. இம்மருந்து உடலிலிருந்து வெளியேறப் பல வாரங்கள் ஆகும் என்பதால், நிறுத்திய பிறகும் அதன் விளைவு சில காலம் நீடிக்கும்.

ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து

வார்ஃபரின் போன்ற மருந்துகள் படபடப்பைக் குறைப்பதில்லை. அவை பக்கவாதத்தைத் தடுப்பதற்கானவை. படபடப்பு நின்றுவிட்டது என்பதற்காக இவற்றை நிறுத்துவது தவறு.

வார்ஃபரின் உட்கொள்வோர் ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனையைத் தவறாமல் செய்துகொள்ள வேண்டும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோயாளிகளுக்குப் பொதுவாக இந்த அளவு 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். செயற்கை உலோக வால்வு பொருத்தப்பட்டவர்களுக்கு, வால்வின் வகையையும் இடத்தையும் பொறுத்து இது மாறும். திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரை திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கி, 1990 டிசம்பரில் முதன்முறையாக மனிதருக்குப் பொருத்தப்பட்ட 'சித்ரா' வால்வைப் பெற்றவர்களும் வாழ்நாள் முழுவதும் இவ்வகை மருந்தைத் தொடர வேண்டியவர்களே.

பரிசோதனை தேவைப்படாத புதிய மருந்துகள் இருக்க, பழைய வார்ஃபரின் எதற்கு என்ற கேள்வி எழலாம். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர் கணேசன் கார்த்திகேயன் முன்னின்று நடத்திய 'இன்விக்டஸ்' ஆய்வு, வாதக்காய்ச்சலால் இதய வால்வு பாதிக்கப்பட்ட ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோயாளிகள் 4,500க்கும் மேற்பட்டோரிடம் மேற்கொள்ளப்பட்டது. 2022ஆம் ஆண்டு வெளியான அதன் முடிவுகளில், புதிய மருந்தான ரிவராக்சபானைவிட வார்ஃபரின் வகை மருந்துகளை எடுத்தவர்களிடையே உயிரிழப்பு குறைவாக இருந்தது. எனவே, அக்கம்பக்கத்தினர் பயன்படுத்தும் மாத்திரைக்குத் தாமாக மாறுவது ஆபத்தானது.

கீரையை முற்றிலும் ஒதுக்க வேண்டியதில்லை. அதிலுள்ள வைட்டமின் கே வார்ஃபரினின் ஆற்றலைக் குறைக்கும் என்பதால், வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்பது போதுமானது. ஆனால், தோட்ட வேலையால் வரும் உடல்வலிக்குக் கடைகளில் வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகள் ரத்தக்கசிவை உண்டாக்கலாம். கஷாயம், லேகியம் உட்கொள்வோர் அதனை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. வார்ஃபரின் கருவைப் பாதிக்கக்கூடியது என்பதால், கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும் பெண்கள் அதற்கு முன்னரே ஆலோசனை பெற வேண்டும்.

திடீரென நிறுத்தினால் என்ன ஆகும்?

பீட்டா பிளாக்கரைத் தொடர்ந்து உட்கொள்ளும்போது உடல் அதற்குப் பழகிவிடுகிறது. ஒரே நாளில் நிறுத்தினால், அதுவரை கட்டுப்பட்டிருந்த துடிப்பு முன்பைவிட வேகமாகத் திரும்பலாம். இதயத்தின் ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியோ மாரடைப்போ ஏற்படும் அபாயமும் உண்டு. அதனால்தான் மருத்துவர்கள் இதனைப் படிப்படியாகக் குறைக்கின்றனர். அளவைக் குறைப்பது, உட்கொள்ளும் நேரத்தை மாற்றுவது, வேறு மருந்துக்கு மாறுவது எனப் பக்கவிளைவுக்குப் பல தீர்வுகள் உள்ளன. நோயாளி தொந்தரவைக் கூறினால் மட்டுமே அவை சாத்தியம்.

இரு மாநிலம், ஒரே பட்டியல்

பாலக்காட்டில் ஒரு மருத்துவரும் கோவையில் மற்றொருவரும் வெவ்வேறு வணிகப் பெயர்களில் ஒரே மருந்தை எழுதித்தர வாய்ப்புண்டு. இரண்டையும் சேர்த்து விழுங்கினால், துடிப்பு அளவுக்கு மீறிக் குறைந்து மயக்கம் வரலாம். இதனைத் தவிர்க்க, மாத்திரை அட்டையில் வணிகப் பெயருடன் அச்சிடப்பட்டுள்ள மருந்தின் மூலப்பெயரைக் கவனிக்க வேண்டும்.

மூலப்பெயர், அளவு, நேரம், தொடங்கிய தேதி ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, கடைசி இசிஜி, ஐஎன்ஆர் முடிவுகளுடன் எங்கு சென்றாலும் எடுத்துச் செல்ல வேண்டும். படபடப்பு வந்த நேரம், நீடித்த நிமிடங்கள், அப்போது செய்துகொண்டிருந்த வேலை, நாடித்துடிப்பின் எண்ணிக்கை ஆகியவற்றையும் குறித்து வைப்பது மருத்துவருக்குப் பேருதவியாகும். மணிக்கட்டில் பெருவிரலுக்குக் கீழே இரு விரல்களை வைத்து, ஒரு முழு நிமிடம் எண்ணினால் போதும். தேநீரும் கட்டன் சாயாவும் அனைவருக்கும் படபடப்பைத் தருவதில்லை. தமக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதை இக்குறிப்பேட்டைக் கொண்டே அறியலாம்.

பக்கவிளைவை எங்கு தெரிவிப்பது?

மருந்துகளின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்க, மத்திய அரசின் இந்திய மருந்தியல் கண்காணிப்புத் திட்டம் 2010ஆம் ஆண்டு முதல் செயல்பட்டு வருகிறது. நோயாளிகளே நேரடியாக 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் புகாரளிக்கலாம். இதற்கான படிவம் தமிழிலும் மலையாளத்திலும் கிடைக்கிறது. எனினும், இது சிகிச்சைக்கு மாற்று அல்ல. முதலில் மருத்துவரிடம் தெரிவிப்பதே முறை.

உடனடியாக மருத்துவமனை செல்ல வேண்டியது எப்போது?

படபடப்புடன் நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் ஆகியவை சேர்ந்தாலோ, முகம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் செயலிழப்பு, பேச்சு குழறல் ஆகியவை தோன்றினாலோ, கறுப்பு நிறத்தில் மலம் வெளியேறினாலோ, தலையில் அடிபட்டாலோ காத்திருக்கக் கூடாது. 108 ஆம்புலன்ஸ் எண் இரு மாநிலங்களிலும் பொதுவானது. மலைச்சாலைகளில் மருத்துவமனையை அடைய நேரம் பிடிக்கும் என்பதால், மருந்துப் பட்டியலை வீட்டில் அனைவருக்கும் தெரியும் இடத்தில் வைத்திருப்பது அவசியம். ஊருக்குச் செல்லும்போதும், தொடர் விடுமுறைக்கு முன்பும் குறைந்தது ஒரு வாரத்துக்கான மாத்திரைகள் கையிருப்பில் உள்ளனவா என்பதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.