தூரதிருஷ்டிக் கண்ணாடியின் கண்

சனிக் கிரகத்தின் வளையத்தைக் குழந்தைகளுக்குக் காட்டவேண்டுமென்ற ஆசையால் தூரதிருஷ்டிக் கண்ணாடி ஒன்றை வாங்கிவிடுகிறோம். பெட்டியின்மேல் '500 மடங்கு' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. மொட்டை மாடியில் வைத்துப் பார்த்தாலோ, மங்கலான பஞ்சு உருண்டை ஒன்றுதான் தெரிகிறது! குழந்தைகள் கொட்டாவி விடுகிறார்கள். கருவி பரணுக்குப் போகிறது. குற்றம் பல சமயங்களில் நாம் கண்ணை வைக்கும் சிறு லென்ஸினுடையதே.

கருவியின் குவிய தூரத்தைக் கண்ணருகு லென்ஸின் குவிய தூரத்தால் வகுத்தால் மடங்குக் கணக்குக் கிடைக்கும். 1,200 மில்லிமீட்டர் கருவியில் 25 மி.மீ. லென்ஸ் 48 மடங்கு காட்டும், 10 மி.மீ. லென்ஸ் 120 மடங்கு காட்டும். ஆனால் கருவி திரட்டும் ஒளி கூடுவதில்லை. பாலில் தண்ணீர் விட்ட கதைதான்: அளவு பெருகும், சாரம் குறையும். கருவியின் வாய் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ, அதன் இரு மடங்குக்குமேல் போவதில் பயனில்லை.

இனி லென்ஸ் அமைப்புக்களைப் பார்ப்போம். 17-ஆம் நூற்றாண்டில் ஹாலந்து தேசத்து ஹைகன்ஸ் அமைத்ததில் இரண்டே தனி லென்ஸ்கள். மலிவானது, ஆனால் குவிய தூரம் குறைந்த கருவிகளில் உருவத்தைச் சிதைக்கும். எனினும் ஒட்டுப் பசை இல்லாததால், சூரிய பிம்பத்தைக் காகிதத்தில் விழச் செய்வதற்கு ஏற்றது. சூரியனைக் கருவி வழியாக நேரே பார்ப்பதோ கண்ணையே பறித்துவிடும்!

1849-இல் ஜெர்மனியின் கெல்னர், கண்ணை அடுத்த லென்ஸை இருவகைக் கண்ணாடிகளை ஒட்டிச் செய்து நிறக் கோளாறைக் குறைத்தார். 1860-இல் வியன்னாவின் பிளாசல் அத்தகைய ஜோடிகள் இரண்டை எதிரெதிராக அமைத்தார். சுமார் 50 பாகை அகலத்துக்குப் பார்வை விரிந்தது. 1880-இல் ஆபே அமைத்த நான்கு லென்ஸ் ஏற்பாட்டில் அகலம் சற்றுக் குறைவு. கிரகங்களோ செதுக்கினாற்போல் தெரியும். நம் காலத்து நாக்லர் அமைப்பு 82 பாகை காட்டுகிறது. ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்ப்பதுபோல் இருக்கும். ஆனால் கனமும் அதிகம், விலையும் அதிகம்.

மூக்குக் கண்ணாடி அணிவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 10 மி.மீ. பிளாசலில் கண்ணை ஏறக்குறைய 7 மி.மீ. அருகில் வைக்கவேண்டும், மூக்குக் கண்ணாடியோடு அது இயலாது. அவர்களுக்கு 15 மி.மீ.க்குக் குறையாத இடைவெளி தரும் லென்ஸே உகந்தது.

ஆகவே, மடங்கைப் பார்த்து மயங்காமல் நல்ல 25 மி.மீ. பிளாசல் ஒன்றை முதலில் வாங்குவோம். பரணிலிருந்து கருவி இறங்கட்டும். 48 மடங்கிலேயே அந்தச் சின்னஞ்சிறு வளையம் தெளிவாகத் தெரியும். குழந்தைகளின் தூக்கமும் கலைந்துவிடும்.