மாரடைப்பு ஆம்பளைங்களுக்கு மட்டும்தான் வருமா?



கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, எளாவூர் பக்கம் குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது நாங்கள் வழக்கமாக ஒரு கேள்வி கேட்போம். "உங்க வீட்டுக்காரருக்கு பி.பி. எவ்வளவு?" பலர் டக்கென்று சொல்லிவிடுகிறார்கள். சிப்காட் கம்பெனியில் பரிசோதனை செய்து கொடுத்த சீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கிறது. மாமியாருக்கு எவ்வளவு என்றால் அதற்கும் பதில் உண்டு. "சரி, உங்களுக்கு?" என்றால் சிரிப்புதான். "எனக்கென்ன மேடம், நல்லாத்தானே இருக்கேன். சின்னவன் பிரசவத்தப்போ பார்த்தது." அந்தச் சின்னவன் இப்போது பாலிடெக்னிக் படிக்கிறான்!

மாரடைப்பு என்றால் சினிமாவில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதுதான் நமக்குத் தெரியும். ஆனால் உலக அளவில் பெண்கள் அதிகமாக இறப்பதும் இதய, ரத்தக்குழாய் நோய்களால்தான். மாதவிலக்கு நிற்கும் வரை நம் உடம்பில் சுரக்கும் ஹார்மோன் ஓரளவு பாதுகாப்புத் தருகிறது. நின்ற பிறகு அந்தப் பாதுகாப்பு குறைந்துவிடும். சின்ன வயதிலேயே கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்தவர்களுக்கு இந்த ஆபத்து சீக்கிரமே வருகிறது. கர்ப்ப காலத்தில் ரத்தக் கொதிப்போ சர்க்கரையோ இருந்தவர்களும் "அது பிரசவத்தோட போச்சு" என்று விட்டுவிடக் கூடாது. பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு அவர்களுக்கு அதிகம்.

பெண்களுக்கும் நெஞ்சுவலிதான் முக்கியமான அறிகுறி. ஆனால் பலருக்கு அதோடு, சிலருக்கு அது இல்லாமலே, மூச்சு வாங்குதல், தாடை, முதுகு, தோள் வலி, குமட்டல், குப்பென்று வியர்வை, காரணமில்லாத அசதி வருகிறது. நாம் இதற்கெல்லாம் வைத்திருக்கும் ஒரே பெயர் 'கேஸ்'.

சென்ற ஆண்டு எங்கள் பகுதி உறுப்பினர் ஒருவருக்கு இப்படித்தான் ஆனது. இட்லிக் கடை வைத்திருப்பவர், வயது 49. இரவு பத்து மணிக்கு மேல் மூச்சு வாங்கி, தாடையும் தோளும் வலித்தது. சோடா குடித்தார், ஓமத் தண்ணி குடித்தார். "விடியட்டும், முதல் டிரெயின்ல சென்ட்ரல் போய் பெரியாஸ்பத்திரியில காட்டிக்கலாம்" என்று படுத்துவிட்டார். மகள் கேட்காமல் 108-க்குப் போன் செய்தாள், உயிர் பிழைத்தார். ஆனாலும் இதயத் தசையில் ஒரு பகுதி செயலிழந்துவிட்டது. இப்போது மாவு வாளியைத் தூக்க முடியவில்லை. அவருடைய கடன் தவணையைக் குழுவில் மற்றவர்கள் மூன்று மாதம் சேர்ந்து கட்டினார்கள்.

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொண்டால், நேரம் ஆக ஆக அந்தப் பகுதித் தசை செத்துக்கொண்டே போகும். அதனால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழையுங்கள், இலவசம்தான். 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையம், துணை சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொடுத்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். நாமாக மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இந்த நிலை வராமல் தடுக்க முதல் வேலை, பி.பி. பார்ப்பது. போர் மோட்டார் பிரஷர் அதிகமானால் பைப் உடனே வெடிக்காது, உள்ளுக்குள் தேய்ந்துகொண்டே வரும். ரத்தக் கொதிப்பும் அப்படித்தான், வலியே இருக்காது. 140/90-க்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2020-ல் நடந்த அரசு ஆய்வில் பெரியவர்களில் 100-க்கு சுமார் 34 பேருக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது. அப்படி இருப்பவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 100-க்கு 7 பேர்தான். மீதிப் பேரில் தெரியாதவர்கள் பலர் என்றால், "நல்லாயிடுச்சு" என்று மாத்திரையை நிறுத்தியவர்களும் நிறைய. மாத்திரை சாப்பிடுவதால்தான் அளவு இறங்கியிருக்கிறது, சகோதரிகளே. 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது வீடு வீடாக மாத்திரை கொடுக்கும் தன்னார்வலர்களை நம் மாதிரி சுய உதவிக் குழுக்களில் இருந்துதான் எடுத்தார்கள். நம்ம ஆளுங்களிடம் கேட்க என்ன கூச்சம்?

அடுத்தது சமையலறை. பின்லாந்து நாட்டில் வட கரேலியா என்று ஒரு மாவட்டம். வெண்ணெயும் உப்பும் அதிகம் சாப்பிடுகிற ஊர். ஐம்பது வயது தாண்டாத ஆண்கள்கூட மாரடைப்பில் போய்க்கொண்டிருந்தார்கள். 1972-ல் அங்கே ஒரு திட்டம் தொடங்கினார்கள். 'மார்த்தா' என்ற குடும்பப் பெண்கள் அமைப்பு ஊர் ஊராகச் சேர்ந்து சமைத்து, காய்கறியைக் கூட்டி உப்பையும் கொழுப்பையும் குறைத்துக் காட்டினார்கள். சுமார் 35 ஆண்டுகளில் அங்கே உழைக்கும் வயது ஆண்களின் மாரடைப்புச் சாவு 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. சிகரெட்டைக் குறைத்ததும் ஒரு காரணம். ஆனால் பெண்கள் சங்கம் இல்லாமல் அந்த வேலை நடந்திருக்காது என்பது எங்கள் கருத்து.

நம் வீட்டு உப்புக் கணக்கைப் பாருங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு பேர் குடும்பத்துக்கு மாதம் 600 கிராம். நம் வீட்டில் கிலோ பாக்கெட் 30 நாள் வருகிறதா? ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் இருப்பது தனி. பழவேற்காட்டுக் கருவாட்டை விடச் சொன்னால் யார் கேட்பார்கள்! வெந்நீரில் ஊறவைத்து இரண்டு தடவை அலசிச் செய்யுங்கள், எப்போதாவது செய்யுங்கள். எண்ணெய் ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் போதும். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டாம். புகையிலை போடுபவர்கள் அதை விட்டே ஆக வேண்டும், இதில் கொஞ்சம் என்ற பேச்சே இல்லை.

உங்கள் குழுவின் அடுத்த கூட்டத்துக்கு பி.பி. மெஷின் வேண்டுமென்றால் ஊக்குநர் மூலம் முன்கூட்டியே சொல்லுங்கள், கொண்டு வருகிறோம். அவரவர் அளவைத் தேதியோடு அவரவர் சேமிப்புப் பாஸ்புக்கின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகுதான் அளப்போம். அன்று மட்டும் டீயைக் கூட்டம் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். டீ குடித்த அரை மணி நேரத்துக்குள் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டலாம்.