கிரியாட்டினின் நார்மல்... பிறகு ஏன் தாத்தாவுக்கு டோஸ் குறைவு?

நிமோனியா வந்தாலும் சில முதியவர்களுக்குக் காய்ச்சலே அடிக்காது. திடீர்க் குழப்பம், சாப்பாட்டில் வெறுப்பு, தடுமாறி விழுவது... 'வயசாயிடுச்சு' என்று வீட்டில் கடந்துபோகும் இவையே முதல் அறிகுறியாக இருக்கலாம்.

அடுத்த சிக்கல், மருந்தின் அளவு. பல ஆன்டிபயாடிக்குகளை வெளியேற்றுவது சிறுநீரகம். வயது ஏற ஏற அதன் வேகம் குறைய, மருந்து உடலில் அதிக நேரம் தங்கும். 'கிரியாட்டினின் 1.0 தானே, நார்மல்!' என்று ரிப்போர்ட்டைப் பார்த்து நிம்மதியடைவோம். ஏமாறுவது அங்கேதான். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை மெலிந்தவருக்கு அது குறைவாகவே உருவாகும். சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் ரிப்போர்ட் அழகாகத் தெரியும். 1976-ல் வந்த காக்கிராஃப்ட் - கால்ட் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். கிரியாட்டினின் இருவருக்கும் 1.0. எடை 70 கிலோ உள்ள 30 வயது ஆணின் சிறுநீரகம் நிமிடத்துக்குச் சுமார் 107 மி.லி. ரத்தநீரைச் சுத்தம் செய்யும். 50 கிலோ எடையுள்ள 80 வயதுக்காரருக்கு? சுமார் 42 மி.லி.! அதனால்தான் சில மருந்துகளுக்கு டாக்டர் டோஸைக் குறைக்கிறார், அல்லது இடைவெளியைக் கூட்டுகிறார். அதற்காக நாமாக மாத்திரையைப் பாதியாக உடைத்தால் கிருமி சாகாது.

வார்ஃபரின் சாப்பிடுபவருக்குச் சில ஆன்டிபயாடிக்குகளால் ரத்தக்கசிவு வரலாம். சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகளால் குதிகால் தசைநாண் கிழியும் ஆபத்து, 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அதிகம். ஸ்டீராய்டும் சேர்ந்தால் இன்னும் கூடும். பேரனுக்கு வாங்கி மிச்சமான மாத்திரையைத் தாத்தாவுக்குக் கொடுக்கவே கூடாது. டாக்டரிடம் போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், சூரணம், சத்து மாத்திரை உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.