எந்த வயரைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது?

உங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பாருங்கள். வயர்கள் இடியாப்பம்போல் சிக்கிக் கிடக்கின்றனவா? அவற்றை ஒழுங்குபடுத்தச் சில ரிங்கிட் போதும். ஆனால், எல்லா வயரையும் ஒரே கட்டாகக் கட்டிவிடாதீர்கள்.

ஏன் தெரியுமா? மின்னோட்டம் பாயும் கம்பி, தன் மின்தடையால் சூடாகும். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும்.

நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். 23 வாட் கைப்பேசி மின்னேற்றி சுமார் 0.1 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். 2,300 வாட் மின்சாரக் கேத்தல் 10 ஆம்பியர் இழுக்கும். மின்னோட்டம் 100 மடங்கு. ஒரே அளவுள்ள வயரில் வெப்பமோ 10,000 மடங்கு!

விரிந்து கிடக்கும் வயரின் வெப்பம் காற்றில் கலந்துவிடும். சுருட்டிக் கட்டினால், உட்சுற்றுகளின் வெப்பம் வெளியேற வழியில்லை. சாதாரண பிவிசி உறை ஏறத்தாழ 70 பாகை செல்சியஸ் வரைதான் நீடித்துத் தாங்கும். அதற்குமேல் உறை இளகி, கம்பிகள் ஒன்றையொன்று தொட்டால் தீப்பிடிக்கலாம். சுருள் நீட்டிப்பு வயர்கள் பலவற்றில் இரண்டு வாட் அளவுகள் அச்சிடப்பட்டிருப்பதும் இதனால்தான். சுருட்டிய நிலைக்குரிய அளவு குறைவாக இருக்கும்.

கட்டலாம்

மின்னேற்றி, யூஎஸ்பி, இணைய வயர்களை வெல்க்ரோ பட்டையால் கட்டலாம். ரொட்டிப் பையின் பிளாஸ்டிக் கிளிப்பில் பெயர் எழுதி மாட்டினால், எந்த வயர் எதனுடையது என்று தேட வேண்டாம். பயன்படுத்தாத வயரை மடித்து, கழிப்பறைத் தாளின் அட்டைக் குழாய்க்குள் செருகி வையுங்கள். நாற்காலிச் சக்கரம் ஏறும் இடத்தில், நீளவாக்கில் கீறிய பழைய தோட்டக் குழாயை இணைய வயருக்குக் கவசமாக மாட்டலாம்.

பிளாஸ்டிக் கட்டுப்பட்டையை இறுக்கி இழுக்காதீர்கள். விரல் நுனி நுழையுமளவு இடைவெளி விடுங்கள்.

கட்டக்கூடாது

கேத்தல், இஸ்திரிப் பெட்டி, ரைஸ் குக்கர் வயர்களைப் பயன்பாட்டின்போது சுருட்டி வைக்காதீர்கள். தரைவிரிப்புக்கு அடியிலும் விடாதீர்கள். உறை கிழிந்த மின்வயருக்கு ஒட்டு நாடா மருந்தல்ல, வயரையே மாற்றுங்கள்.

அடுத்தமுறை துணி தேய்த்து முடித்ததும் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, வயரைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு. கை வைக்க முடியாமல் சுட்டால், அதை மீண்டும் செருகாதீர்கள்.