சிடி சொல்லாமல் விடுவது

ஆடியோ சிடியைக் கணினியில் போட்டுத் திறந்தால் ‘டிராக்01.சிடிஏ’, ‘டிராக்02.சிடிஏ’ என்று வரிசையாகக் கோப்புகள் தெரியும். அவற்றை அப்படியே பென் டிரைவுக்கு இழுத்துப் போட்டு, காரில் செருகிப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். ஒவ்வொரு கோப்பும் வெறும் 44 பைட். அதில் பாட்டு இல்லை. தட்டில் பாட்டு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்ற குறிப்புதான் இருக்கிறது. அதுவும் விண்டோஸ் நமக்காகத் தானே தயாரித்துக் காட்டுவது. சோனியும் பிலிப்ஸும் 1980-ல் சிடிக்கு விதிகள் வகுத்தபோது கணினி அவர்கள் கணக்கிலேயே இல்லை. இசைத்தட்டுக்குப் பதிலாகப் போட்டுக் கேட்கும் பொருள், அவ்வளவுதான். சிடியிலிருந்து பாட்டைக் கணினிக் கோப்பாக எடுப்பதில், அதாவது ‘ரிப்’ செய்வதில், உள்ள தொல்லைகளெல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

சிடியில் ஒலி, நொடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதிவாகிறது. இடது, வலது இரண்டுக்கும் தனித்தனி. ஒவ்வொரு மாதிரியும் 16 பிட். நொடியை 75 துண்டாக்கினால் ஒரு துண்டுக்கு 2,352 பைட். கணினித் தகவல் பதிந்த சிடி-ராமில் இதே இடத்தில் 2,048 பைட்தான் தகவல். மிச்சம், துண்டின் முகவரிக்கும் கூடுதல் பிழைதிருத்தத்துக்கும் போய்விடும். ஆடியோ சிடியில் மொத்தமும் பாட்டுக்கே. ஆகவே ஒரு காவல் குறைவு.

காவலே இல்லை என்று அர்த்தமில்லை. இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்ற இரு கணிதவியலாளர்கள் 1960-ல் வெளியிட்ட பிழைதிருத்தக் குறிமுறை எல்லா சிடியிலும் உண்டு. அடுத்தடுத்த மாதிரிகளைத் தட்டில் தள்ளித்தள்ளிப் பதிப்பதால், ஒரு கீறல் ஒரே இடத்தை மொத்தமாக விழுங்காமல் பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கடிக்கிறது. சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்குத் தகவல் போனாலும் கணக்குப் போட்டு மீட்டுவிடலாம். அதற்கும் மேலே சேதம் என்றால் கருவி ஊகத்தில் இறங்கும்: முன்னால் உள்ள மாதிரியையும் பின்னால் உள்ளதையும் பார்த்து நடுவில் ஒன்றை இட்டு நிரப்பும். காதுக்குத் தெரியாது. கேட்பதற்கு அது வரம், நகலெடுப்பதற்குச் சாபம். ஊகித்த எண்ணும் உண்மையான எண்ணும் ஒன்றுபோலவே கோப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

‘எக்ஸாக்ட் ஆடியோ காப்பி’, லினக்ஸில் ‘சிடிபாரனோயா’ போன்ற மென்பொருள்கள் இந்த இடத்தில்தான் உதவுகின்றன. ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்து, விடை மாறுகிறதா என்று பார்ப்பது இவற்றின் வேலை. மாறினால் சந்தேகம், மறுபடி படிக்கும். ஒரு மோசமான கீறலில் அரை மணி நேரம் கூட முனகிக்கொண்டிருக்கும், பொறுமை வேண்டும். ஆனால் டிரைவ் ஒவ்வொரு முறையும் ஒரே தவற்றைச் செய்தால்? அதற்கு ‘அக்யூரேட்ரிப்’. உலகெங்கும் அதே சிடியை ரிப் செய்தவர்களின் கோப்புகளிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. வேறு வேறு வீட்டில், வேறு வேறு தட்டில், வேறு வேறு டிரைவில் எடுத்தும் உங்கள் எண்ணோடு ஒத்துப்போனால், அத்தனை பேருக்கும் ஒரே இடத்தில் ஒரே பிழை நேர்ந்திருக்க வாய்ப்பில்லை. ஒப்பிடுவதற்கு முன் ஒரு திருத்தம் தேவை. ஆடியோ துண்டுக்குத் துல்லியமான முகவரி இல்லாததால், ஒவ்வொரு டிரைவும் சில மாதிரிகள் தள்ளித்தான் படிக்கத் தொடங்குகிறது: ஒன்றுக்கு 6, இன்னொன்றுக்கு 667 என்று மாடலுக்கு ஏற்ப. 667 மாதிரி என்றாலும் 15 மில்லிநொடிதான். காது கண்டுகொள்ளாது, சரிபார்ப்பு எண் கண்டுகொள்ளும். அபூர்வமான பழைய சிடி என்றால் ஒப்பிட ஆளே இருக்காது. இரண்டு தடவை, முடிந்தால் இரண்டு டிரைவில், ரிப் செய்து நாமே ஒப்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

தட்டைத் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள். வட்டமாகத் தேய்த்தால் விழும் கீறல் தடத்தோடு சேர்ந்து ஓடி, தொடர்ச்சியாகத் தகவலைத் தின்னும். படம் அச்சிட்ட பக்கம்தான் இன்னும் ஆபத்தானது. ஒளியைத் திருப்பும் உலோகப் பூச்சு அதற்கு அடியிலேயே, மெல்லிய அரக்குப் படலத்தின் கீழ் இருக்கிறது.

இவ்வளவு பாடுபட்டு எடுத்ததை எம்பி3 ஆக்கி வைப்பது எனக்கு உடன்பாடில்லை. கேட்பதற்கு நல்ல எம்பி3 தாராளமாகப் போதும். 320 கிலோபிட்டில் பெரும்பாலோருக்கு வித்தியாசம் தெரியாது. பாதுகாத்து வைப்பது வேறு. 2001-ல் ஜாஷ் கோல்சன் வெளியிட்ட ‘ஃபிளாக்’ வடிவம், அடுத்த மாதிரி என்னவாக இருக்கும் என்று கணித்து, கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதிவைக்கிறது. அளவு பாதியளவுக்குச் சுருங்கினாலும் ஒரு பிட் கூடத் தொலையாது. அதிலிருந்து எந்த வடிவத்துக்கும் எப்போது வேண்டுமானாலும் போகலாம். எம்பி3-யை ஃபிளாக் ஆக்குவதில் கோப்பு பெருப்பதைத் தவிர ஒன்றும் நடக்காது. அப்படிப் பெருக்கவைத்ததை ‘ஒரிஜினல்’ என்று தருபவர்களும் உண்டு. அலைவரிசைப் படம் வரைந்து பார்த்தால், 128 கிலோபிட் எம்பி3-யிலிருந்து வந்தது பொதுவாக 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தரித்தாற்போல் நின்றிருக்கும்.

அடுத்தது பெயர். பெரும்பாலான சிடிகளில் பாட்டின் பெயரே பதிவாகியிருக்காது. மென்பொருள், பாட்டுகளின் தொடக்க நேரங்களை வைத்து ஓர் எண்ணைக் கணக்கிட்டு, ‘மியூசிக்பிரெயின்ஸ்’ போன்ற தரவுத்தளத்தில் தேடுகிறது. இரண்டு வேறு தட்டுகளுக்கு ஒரே எண் அமைந்துவிடுவதும் உண்டு. கட்டபொம்மன் வசனம் போட்டால் கர்னாடகக் கச்சேரிப் பெயர் வந்து நிற்பது இதனால்தான்.

கிடைத்த பெயரைக் கோப்பிலேயே எழுதிவைக்கும் இடம்தான் டேக். 1996-ல் வந்த முதல் ஐடி3 டேக், எம்பி3-யின் கடைசியில் ஒட்டிய 128 பைட். அதில் பாட்டுக்கு 30 எழுத்து, பாடகருக்கு 30. அதுவும் லத்தீன் எழுத்துதான். நம்மவர்கள் அதில் திஸ்கி என்ற தமிழ்க் குறிமுறையின் எழுத்துருவில் தமிழைத் திணித்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்தாகத் தெரியும். இன்றைய டேக்குகளில் யூனிகோடு தமிழ் தடையில்லாமல் நிற்கிறது; ஃபிளாக்கில் நீளக் கவலையும் இல்லை. ஆனால் இறக்கிய பாட்டுகளில் பாடலாசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஓர் இணையதளத்தின் விளம்பரம்தான் இருக்கும்.

திரைப்பாடலுக்கு ‘ஆர்ட்டிஸ்ட்’ யார் என்பது பெரிய தகராறு. பாடகரை மட்டும் போட்டால், ஆறு பாடகர் பாடிய ஒரே படத்தைச் சில பிளேயர்கள் ஆறு ஆல்பமாகப் பிரித்துவிடும். ‘ஆர்ட்டிஸ்ட்’டில் பாடகர்களையும், ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’, ‘கம்போசர்’ இரண்டிலும் இசையமைப்பாளரையும், ‘லிரிசிஸ்ட்’டில் பாடலாசிரியரையும் போடுங்கள், படம் பிரியாது. ஒரே தட்டில் இரண்டு படம் இருந்தால் ரிப் செய்தபின் இரண்டு ஆல்பமாகப் பிரித்துவிடலாம். ஆனால் ரிப் செய்யும்போது மென்பொருள் எழுதிவைக்கும் லாக் கோப்பைத் தூக்கி எறியாதீர்கள். எந்தப் பாட்டில் டிரைவ் தடுமாறியது என்பது அதில் மட்டும்தான் எழுதியிருக்கும்.